லேபிள் பொய் சொல்லக் கூடாது

இந்த வாரம் குற்றாலம் போய் வந்த கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இப்போது ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

யாரோடு சண்டை என்றால், "படம்தானே, எதையாவது போட்டாப் போச்சு" என்று சொல்கிறவர்களோடு. போன மாதம் இந்த வாக்கியத்தை மூன்று பேர் வாயிலிருந்து கேட்டேன். ஒருவர் என்னோடு காலையில் நடக்க வரும் வங்கி அதிகாரி, என்னைப் போல ஓய்வுபெற்றவர். இன்னொருவர் என் தம்பி. மூன்றாவது ஆள், தம்பி மகளோடு சேர்ந்து கணினி விளையாட்டு தயாரிக்கும் பையன். சிவகாசியில் முப்பத்தாறு வருடம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வரைந்து பிழைத்தவனிடம் வந்து "படம்தானே" என்றால் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். தம்பி மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, வேலை முடிந்த ராத்திரிகளில், இரண்டு வருடமாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் கிடையாது. சொந்தக் காசு, சொந்தத் தூக்கம். இப்படிச் செய்வதை இண்டி என்று சொல்கிறார்கள். அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதி இதில் போயிருக்கிறது என்பது தம்பிக்கு இன்னும் தெரியாது. அவன் இதைப் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விளையாட்டு சீட்டை வைத்து ஆடுவது. ஆனால் ரம்மி மாதிரி இல்லை. ஒரு கண்மாய், மூன்று ஊர், ஒரு மடை. கையில் வருகிற சீட்டுகளில் ஒன்று மழை, ஒன்று நீர்பாய்ச்சி, ஒன்று கரை உடைப்பு, ஒன்று பக்கத்து ஊர்ப் பெரியவர். எந்தச் சீட்டை எப்போது இறக்கினால் மூன்று ஊர் நெல்லும் கருகாமல் அறுவடைக்கு வரும் என்று யோசித்து ஆட வேண்டும். எனக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். முதல் ஆட்டத்தில் மூன்று ஊரையும் காய விட்டேன். இரண்டாவதில் ஒரு ஊரைக் காப்பாற்றினேன். ராத்திரி பதினோரு மணி ஆனது தெரியவில்லை.

இதை விற்கப்போவது ஸ்டீம் என்ற கடையில். கணினி விளையாட்டுகளுக்கு உலகத்திலேயே பெரிய கடை அதுதான். ஒரு விளையாட்டுக்கு நூறு டாலர் கட்டினால் கடையில் இடம் கிடைக்கும். ஆனால் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புதிய விளையாட்டுகள் அங்கே வந்து குவிகின்றன. வாங்குகிறவன் பார்ப்பது வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்களை. அந்தப் படம் அவனை நிறுத்தினால்தான் உள்ளே வருவான். அங்கே அதைக் கேப்ஸ்யூல் என்கிறார்கள். நான் லேபிள் என்றே சொல்கிறேன். வேலை அதேதான்.

"பெரியப்பா, கடைக்குப் போட்டோம், எப்படி இருக்கு?" என்று அவள் முதலில் காட்டிய படத்தை வர்ணிக்கிறேன். பொன்னிற வெளிச்சம். நடுவில் கவசம் போட்ட ஒரு பெண், கையில் வாள், காற்றில் பறக்கும் கூந்தல். பின்னால் மலை, மேகம், மின்னல், ஏதோ ஒரு கோட்டை. கீழே ஒரு மூலையில் தண்ணீர் மாதிரி ஏதோ. மேலே நூல் மாதிரி மெல்லிய எழுத்தில் நாலு வார்த்தைப் பெயர். கூட்டாளிப் பையன் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் வாங்கியிருக்கிறான்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் ஆபத்து. அசிங்கமாக இருந்தால் அவர்களே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. படத்தைத் திரையில் சுருக்கச் சொன்னேன். அந்தக் கடை கேட்கும் சின்ன லேபிளின் அளவு 462-க்கு 174 புள்ளி. தேடும் பட்டியலில் அதுவே இன்னும் சுருங்கி 120-க்கு 45 புள்ளியாகத் தெரியுமாம். ஸ்கேலை வைத்து அளந்தேன். நீளம் ஒன்றேகால் அங்குலம். உயரம் அரை அங்குலம்கூட இல்லை. தீப்பெட்டி லேபிளே இரண்டு அங்குல நீளம் வரும். அதாவது நான் ஆயுள் முழுவதும் வரைந்ததைவிடச் சின்ன இடம்.

அந்த அளவில் கவசப் பெண் ஒரு மஞ்சள் கறையாகிவிட்டாள். பெயர் மறைந்தே போனது. கோட்டை, மின்னல், மலை எல்லாம் சேர்ந்து கலங்கின குட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே "அய்யோ" என்றாள்.

லேபிள் வேலையின் முதல் பாடம் இது. 1972-இல் நான் பிரஸ்ஸில் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய ஆர்ட்டிஸ்ட், நான் வரைந்ததை மேஜையில் வைத்துப் பார்க்கவே மாட்டார். சுவரில் குத்திவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். "என்னடா தெரியுது?" என்பார். கிளி தெரிந்தால் லேபிள் பாஸ். "கிளி, கொப்பு, பழம், சூரியன், ஆறு" என்று நான் அடுக்கினால் கிழித்துப் போட்டுவிடுவார். பெட்டிக்கடையில் தீப்பெட்டி அடுக்கியிருக்கும் தட்டு, வாங்குகிறவனிடமிருந்து அவ்வளவு தூரத்தில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. "கிளிப் படம் போட்டது ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். வாயால் ஒரே சொல்லில் சொல்ல முடிகிற படம்தான் லேபிள். சொல்ல இரண்டு வாக்கியம் வேண்டுமென்றால் அது காலண்டர்.

காலண்டர் படத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கோவில்பட்டி கொண்டையா ராஜூ வரைந்த தெய்வங்களை வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அது வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும். பார்க்கப் பார்க்கப் புதிதாக ஒன்று தெரிய வேண்டும். லேபிளுக்குக் கிடைப்பது ஒரு நொடி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு நொடி இடத்தில் ஒரு வருடக் காலண்டரை ஒட்டுகிறார்கள்.

சீட்டுக்கட்டு செய்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. பழைய சீட்டுகளில் மூலையில் எண்ணும் சின்னமும் கிடையாது. கையில் விசிறி மாதிரி பிடித்தால் ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும், முழுப் படத்தை எத்தனை அழகாக வரைந்தாலும் பயனில்லை என்று புரிந்துதான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலையில் குறி போடும் வழக்கம் பரவியது. கண்ணுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அந்த இடத்துக்கு வரை. அவ்வளவுதான் சாஸ்திரம்.

இது அளவைப் பற்றியது. இனி உண்மையைப் பற்றி.

"சரி பெரியப்பா, வாளைப் பெரிசாக்கி, பின்னால இருக்கறத எடுத்துடறோம்" என்றான் அந்தப் பையன். வாள் பத்தடியில் நன்றாகவே தெரியும், சந்தேகமில்லை. நான் கேட்டேன், "உங்க விளையாட்டுல வாள் எங்கப்பா இருக்கு?" இல்லை. சண்டை இருக்கிறதா? வாய்க்கால் தகராறு இருக்கிறது, வாள் கிடையாது. "பின்ன எதுக்கு?" என்றேன். "வாள் இருந்தாத்தான் கிளிக் பண்ணுவாங்க" என்றான்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏன் என்று சொல்ல, நான் இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாத ஒரு விஷயத்தை எழுத வேண்டும்.

1984-ஆக இருக்கலாம். ஒரு பட்டாசு ஆபீஸ் ராக்கெட்டுக்கு லேபிள் கேட்டது. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். சரக்கை நான் பார்த்தேன். மேலே போய் 'டப்' என்று ஒரு சத்தம், நாலு பொறி, அவ்வளவுதான். பார்ட்டி சொன்னார், "தம்பி, வானம் முழுக்கப் பூ விரியணும். சிவப்பு, பச்சை, நீலம். கீழ ஒரு ஊரே நின்னு வேடிக்கை பாக்கணும்." நான் வரைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் கையில் வந்த நல்ல லேபிள்களில் அது ஒன்று. நாலு கலருக்கு மேல் தங்க மையும் ஓட்டினார்கள். அந்த வருடம் நன்றாக விற்றது.

தீபாவளிக்கு என் மகன் கடையில் அந்தப் பெட்டியைத்தான் கை காட்டினான். அப்போது அவனுக்கு ஆறு வயது. லேபிள் நான் வரைந்தது என்று அவனுக்குத் தெரியாது. ராத்திரி பாட்டிலில் வைத்துப் பற்ற வைத்தான். போச்சு. 'டப்'. நாலு பொறி. அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், இன்னும் ஏதோ வரும் என்று. பிறகு பெட்டியை எடுத்துப் படத்தைப் பார்த்தான். மறுபடி வானத்தைப் பார்த்தான். "அப்பா, படத்துல இருக்கறது எங்கப்பா?" என்று கேட்டான்.

நாற்பது வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. சரக்கு மட்டம் என்று அவன் நினைக்கவில்லை, தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தான். ஏமாற்றியது நான். நாலு பொறி ராக்கெட்டுக்கு நாலு பொறியை அழகாக வரைந்திருந்தால் அவன் சந்தோஷமாகக் கை தட்டியிருப்பான்.

இதை அந்தப் பையனிடம் சொன்னேன். அப்புறம் ஒரு வியாபாரக் கணக்கும் சொன்னேன், ஏனென்றால் இந்தத் தலைமுறைக்கு நியாயத்தோடு கணக்கும் வேண்டும். கொளுத்தின ராக்கெட்டைத் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த ஸ்டீம் கடையில், வாங்கிப் பதினான்கு நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாளைப் பார்த்து வந்தவன் மடையைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் திருப்பிவிடுவான். போகிற போக்கில் திட்டி நாலு வரியும் எழுதி வைப்பான். கண்மாய்ப் பாசன ஆட்டத்தை விரும்பக் கூடியவனோ வாளைப் பார்த்ததும் "நமக்கு வேண்டாம்" என்று தாண்டிப் போயிருப்பான். வரக் கூடாதவனை அழைத்து, வர வேண்டியவனை விரட்டும் லேபிளுக்கு அழகு எதற்கு?

அந்தக் கடைக்காரர்களே ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பர் முதல், அந்த லேபிளில் விளையாட்டின் படமும் பெயரும்தான் இருக்கலாம். "பரிசு பெற்றது", "பத்துக்கு ஒன்பது மதிப்பெண்", "பாதி விலை" என்றெல்லாம் எழுதக் கூடாது. பட்டாசுப் பெட்டிக்கு இந்த விதி இருந்திருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும். ஆனால் எழுத்தில் பொய் சொல்லக் கூடாது என்று விதி போடலாம், படத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதை வரைகிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் நடைத் தோழர், அந்த வங்கி அதிகாரி, வேறு பக்கத்திலிருந்து வந்தார். "சீட்டுப் படமே போடாதீங்க சார். சூதாட்டம்னு நெனப்பாங்க." அவர் பயம் அர்த்தமில்லாதது இல்லை. இணைய ரம்மியில் பணத்தை விட்ட குடும்பங்களை நம் ஊரிலேயே பார்த்தோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவந்தது. சீட்டு என்ற சொல்லுக்கே நம் வீடுகளில் நல்ல பெயர் கிடையாது.

வெளிநாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. கனடாவில் ஒரு தனி ஆள் பெரும்பாலும் தானாகவே செய்த 'பலாட்ரோ' என்ற விளையாட்டு 2024 பிப்ரவரியில் வந்தது. போக்கர் சீட்டுகளை வைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். உண்மையான பணம் ஒரு காசுகூட உள்ளே கிடையாது. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதி விற்றது. அதே நேரத்தில் ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பு, சூதாட்டச் சாயல் இருக்கிறது என்று சொல்லி அதைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. சில கடைகளிலிருந்து கொஞ்ச நாள் எடுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில்தான் பன்னிரண்டு வயது என்று குறைந்தது.

அதற்காக அந்த மனிதர் சீட்டை மறைத்தாரா? இல்லை. லேபிளில் பெரிய எழுத்தில் பெயர், ஜோக்கர், பின்னால் குழம்பாய்ச் சுழலும் சிவப்பும் நீலமும். பார்த்த நொடியில் 'இது சீட்டு, ஆனால் கிறுக்குத்தனமான சீட்டு' என்று தெரிந்துவிடும். உள்ளே இருப்பதும் அதேதான். மின்னல் இல்லை, கோட்டை இல்லை. நான் பிரஸ்ஸில் இருந்தபோது இந்த லேபிள் வந்திருந்தால் எங்கள் பெரிய ஆர்ட்டிஸ்ட் பத்தடியில் நின்று பாஸ் போட்டிருப்பார்.

ஆகவே நான் சொன்னது: சீட்டை மறைக்காதே, மறைத்தால் அதுவும் பொய். காசு, பணக்கட்டு, பச்சைத் துணி மேஜை, சூதாட்ட வில்லை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. சீட்டின் மேல் ஆட்டினும் இஸ்பேடும் இல்லாமல் மடை இருக்கட்டும். அப்போது யாரும் ரம்மி என்று நினைக்க மாட்டார்கள்.

மென்பொருள் வரைந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரம் என்றாலே திட்டும் கிழவன் இல்லை நான். கல்லில் லித்தோ ஓட்டியவர்கள் ஆப்செட்டைத் திட்டினார்கள், நாங்கள் கம்ப்யூட்டரைத் திட்டினோம், இரண்டும் வந்தது, நல்லதும் நடந்தது. என் குறை வேறு. அந்தப் படத்தில் கீழ் மூலையில் மடை என்று இருந்ததை உற்றுப் பார்த்தேன். ஏதோ ஐரோப்பியக் கோட்டை வாசல் மாதிரி வளைவு. நம் கண்மாய் மடையில் இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கல் இருக்கும், நடுவில் அடைப்பை ஏற்றி இறக்கும் கம்பி இருக்கும். வெயிலில் அந்தக் கல்லில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியும். "வீரமான அழகான படம்" என்று கேட்டால், உலகத்தில் எல்லாரும் கேட்டதை அரைத்துக் கலக்கி ஒரு பொதுப் படம் வரும். பத்தாயிரம் லேபிளுக்கு நடுவில் பொதுப் படம் எப்படித் தனியாகத் தெரியும்?

இன்னொன்று. அப்படி மென்பொருள் வரைந்ததை வைத்தால் கடையிடம் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் விதி. வாங்குகிறவரும் அதைப் பார்ப்பார். "லேபிளுக்கே மெனக்கெடாதவன் உள்ளே என்ன மெனக்கெட்டிருப்பான்?" என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருட ராத்திரிகளுக்கு மேல் ஐந்து நிமிட லேபிளை ஒட்டுவது, அந்த ராத்திரிகளுக்கே அவமரியாதை.

"ஆர்ட்டிஸ்டுக்குக் குடுக்கப் பணம் இல்ல பெரியப்பா" என்றாள். உண்மைதான். பணம் இருந்தால் நல்ல ஆர்ட்டிஸ்டுக்குக் கொடு, அவர் பெயரையும் போடு என்பேன். 1993-இல் வந்த 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டில் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் வரைந்தவர் பெயர் உண்டு. நான் வரைந்த லேபிள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. பணம் இல்லையென்றால் சின்னதாக, எளிமையாக, நீயே வரை. எளிமைக்குப் பணம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, பேரையூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கு என்னோடு வந்து மடையைப் பார்த்து, பென்சிலில் வரைந்தாள். ஏழு தடவை. முதல் ஆறிலும் ஏதாவது ஒன்று கூடுதலாக இருந்தது. ஒரு கொக்கு. ஒரு மாடு. மூன்று ஊரின் வீடுகள். "எடு" என்றேன். "கொக்கு அழகா இருக்கு பெரியப்பா" என்றாள். "அழகுதான் பாப்பா, எடு" என்றேன். நாலு வார்த்தைப் பெயரையும் ஒரே சொல்லாக வெட்டச் சொன்னேன். பெயர் சுருங்கினால் எழுத்து பெரிதாகும்.

கடைசியில் வந்தது இது: ஒரு கை சீட்டைத் தூக்குகிறது. அந்தச் சீட்டு மடையின் அடைப்புப் பலகை மாதிரியே மேலே ஏறுகிறது. அடியில் இருக்கும் இடுக்கு வழியே தண்ணீர் பாய்கிறது. மண் நிறம், நீலம், வெள்ளை. மூன்றே கலர். பெயர் கொட்டை எழுத்தில். சின்ன லேபிளில் கையையும் எடுத்துவிட்டோம். பெயர், சீட்டு, தண்ணீர், அவ்வளவுதான்.

அதை அச்சடித்து, எங்கள் தெரு டீக்கடைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று வருகிறவர்களைக் கேட்டோம். கணினி விளையாட்டு என்று சொல்லவே இல்லை. டீ குடிக்க வந்த ஒரு விவசாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மடையத் தொறக்காக. ஆனா சீட்டு மாதிரில இருக்கு?" என்றார். தம்பி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விற்குமா? எனக்குத் தெரியாது. நல்ல லேபிள் ஒட்டின சரக்கும் தேங்கியதுண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். அதை வாங்கி ஆடுகிற யாரும் லேபிளைத் திருப்பிப் பார்த்து, "படத்தில் இருந்தது எங்கே?" என்று கேட்க மாட்டார்கள்.

உங்கள் பேரன் பேத்திகளும் இப்படி எதையாவது செய்துகொண்டு வந்து காட்டுவார்கள். "நல்லாருக்குடா கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, என்ன தெரிகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் வயதுக்குக் கண்ணைப் பாதி மூடவும் தேவையில்லை, கண்ணாடியைக் கழற்றினாலே போதும்.

அடுத்த வாரம் குற்றாலம்.